முன்வரிசைப் பச்சை

உனக்கு,

திங்கட்கிழமை மதியம் ஆய்வகத்துக்குள் உன் வாசனை வந்தது. அங்கே எப்போதும் இருப்பது சூடான பிளாஸ்டிக்கின் வாசனைதான். நீ மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே வருவாய். அன்றைக்கு வந்தது துணிக்கடை வாசனை. கஞ்சியும் பாலித்தீன் உறையும் கொஞ்சம் பூச்சி உருண்டையும் கலந்த, இன்னும் தண்ணீர் படாத புடவையின் வாசனை. சுதந்திர தினம் வருகிற வாரத்தில் அந்த வாசனையோடு என் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவள் நீ ஒருத்திதான். நிறம் பார்க்கக் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் சில்லைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். "இன்னாடி வெள்ளக்காரி" என்ற குரலுக்கு என் காது தயாராக இருந்தது.

கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். பேக்கிங் பிரிவுக் கஸ்தூரி, ஆரம்பாக்கத்திலிருந்து வருகிறவள். சாம்பல் நிறக் கோட்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்தாள்.

"உள்ள வரலாமா மேடம்? செருப்ப கழட்டிட்டேன்."

"வா. என்ன?"

கோட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து, வெள்ளைச் சில்லுகளை அடுக்கியிருந்த மேசையின் மேல் வைத்தாள். பச்சைப் புடவை. கரையில் மெல்லிய ஜரிகை.

"இத்த பாருங்க. நல்லா கீதா?"

"நல்லாருக்கு."

"எங்க செக்சன்ல எல்லாரும் எட்த்துட்டோம் மேடம். பச்சதான். டிஸ்பாட்ச் அக்கா லீவுல போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போச்சு, இந்த வருசமும் பச்சதாண்டி, மறந்துடாதீங்கன்னு. இப்ப இன்னாடான்னா எங்களுக்கு கோட்டுன்னு மெசேஜ் போட்டுக்கீறாங்க. கலர் உண்டா இல்லியா?"

"ஹெச்.ஆர். பிரவீன் சாரைக் கேட்டியா?"

"கேட்டேன். அந்தத் தம்பி இங்கிலீஷ்ல சிரிக்குது."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. புடவையின் உறையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "போன வருச ஃபோட்டோவ எம் பொண்ணு ஸ்கூல்ல காட்டுச்சு மேடம். எங்கம்மா முன்னாடி நிக்குது பாருன்னு. கோட்ட போட்டுக்கினு ஓரமா நின்னா, நான் எங்க கீறேன்னு எனக்கே தெரியாது."

அந்த அறிவிப்பை நானும் படித்திருந்தேன். நிரந்தர ஊழியர்கள் மூவண்ணத்தில் வர வேண்டும், மாடியிலிருந்து கொடி வடிவில் படம் எடுக்கப்படும், மிக நேர்த்தியாக உடுத்தியவருக்குப் பரிசு. பேக்கிங் பெண்கள் போன்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் சீருடையில் இரு பக்கமும் வரிசையாக நிற்க வேண்டும். படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். இப்போது அது பச்சையாக என் மேசையின் மேல் கிடந்தது.

"நீங்க சொன்னா கேப்பாங்க மேடம்" என்றாள் கஸ்தூரி.

யார் கேட்பார்கள்? பேசுகிறவள் நீ. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் நான். இத்தனை வருடமும் நமக்குள் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. பார்க்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. நிறம் பார்க்கும் ஒளிப்பெட்டியிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து ஒளிப்பெட்டிக்கும் நடந்தேன். தேநீர் ஆறிப்போய் ஏடு படிந்தது. திருப்பி அனுப்ப வேண்டிய ஒரு நீலத்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓடிப்போய் அதை அடித்துத் திருத்தினேன். நான் அப்படிச் செய்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நம் ஆலைப் பேருந்து திருவள்ளூரில் இருட்டு பிரியும்போதே கிளம்பிவிடும். பெரியபாளையம் தாண்டும்வரை நான் புத்தகத்துக்குள் இருப்பேன். கவரைப்பேட்டையில் நீ ஏறியதும் புத்தகம் முடிந்தது. டிஸ்பாட்ச் பிரிவில் நாள் முழுக்க லாரிக்காரர்களோடு கத்துவதற்கு, பேருந்திலேயே தொண்டையைத் தயார் செய்துகொள்கிறாய் என்று நினைப்பேன். வளையல், பொட்டு, தலைக் கிளிப், செருப்பு வார், எல்லாம் புடவையோடு பொருந்த வேண்டும் உனக்கு. சாதாரணப் புதன்கிழமைக்கே அப்படி. கொடியேற்றும் நாளென்றால் கேட்க வேண்டியதில்லை.

முதன்முதலாக உன்னை அந்தக் கோலத்தில் பார்த்தது நினைவிருக்கிறது. ஆரஞ்சுப் பட்டுப்பருத்திப் புடவை, பாட்டில் பச்சையில் ரவிக்கை, வெள்ளைக்கல் தோடு. தலையில் நீயே சொல்லிக் கட்ட வைத்த கதம்பம்: கனகாம்பரம், மல்லி, மரிக்கொழுந்து. கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவைத்துவிடுவாயாம். கொடியைத் தலையில் சூடிக்கொண்டு வந்திருந்தாய். பேருந்தே திரும்பிப் பார்த்தது. நீ யாரையும் பார்க்காமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் சாம்பல் வெள்ளைச் சுடிதாரை மேலிருந்து கீழே பார்த்தாய்.

"இன்னா இது, எழவு ஊட்டுக்கா போறே?"

"வேலைக்குப் போறேன்."

"வெள்ளக்காரன் போயி எத்தினி வருசமாச்சு. நீ ஒருத்தி மட்டும் இன்னும் போவாம கீறே."

அன்றிலிருந்து நான் வெள்ளக்காரி. உன் புடவை கொடியின் காவி நிறம் இல்லை, வெறும் ஆரஞ்சு என்று நான் சொன்னேன். வாளிக்கும் நாற்காலிக்கும் நிறம் கொடுக்கிற பிளாஸ்டிக் மணிகளைச் செய்யும் ஆலை நம்முடையது. அந்த நிறங்களைச் சரிபார்த்துச் சரி, தப்பு என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீ என்னைப் பரிதாபமாகப் பார்த்தாய். "காவியும் இல்ல, ஆரஞ்சும் இல்லடி. இது கனகாம்பரம். எம்.எஸ்ஸி.ல இத்தல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

எனக்கு அந்த நாளின் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் இல்லை. ஆய்வகத்தில் அடிக்கடி பார்ப்பதுதான்: இரண்டு சில்லுகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாக இருக்கும், விளக்கை மாற்றினால் ஒன்று சிவந்துபோகும், இன்னொன்று வெளுத்துப்போகும். கொடிக்கம்பத்துக்குக் கீழே எல்லாரும் ஒரே நிறம். ஒரு மணி நேரம் கழித்துக் கேன்டீனில் அதிகாரிகளுக்கு ஒரு கதவு, ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு கதவு. இதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். வாயில் ஒரு ஊக்கைக் கடித்துக்கொண்டு, யாருடைய முந்தானையையோ மடித்தபடி, "உன் வெளக்க அணைச்சிட்டு இந்தக் கொசுவத்தப் புடி" என்றாய்.

இன்னொருமுறை, எரிச்சலாகவே கேட்டேன். இந்தச் சிங்காரமெல்லாம் நாட்டுக்கு எதற்கு? நீ யோசிக்கவே இல்லை. "நாட்டுக்குன்னு யாருடி சொன்னா? ஃபோட்டோவுக்கு. சாம்பல் கோட்டுல அத்தினி பேருக்கும் ஒரே மூஞ்சி. நாலு பேரு இது யாருன்னு கேக்கணும்னா கலர் வோணும்."

நீ விளம்பரப் பிரியை, அதனால் மற்றவர்களும் அப்படித்தான் என்று நினைக்கிறாய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். நம் நட்பு நீடித்ததற்கு ஒரு காரணம், நான் முடிவு கட்டிக்கொள்வதை நீ பொருட்படுத்தாததுதான்.

அந்தத் தலைகீழ்க் கொடி நாளை நினைத்துக்கொண்டே இருந்தேன் இந்த வாரம் முழுவதும். மனிதக் கொடி என்று ஆலையில் முதன்முதலாக முயன்ற வருடம். அலுவலக மாடியிலிருந்து படம் எடுப்பதாக ஏற்பாடு. மேலாளரும் துறைத் தலைவர்களும் காவி நிறச் சால்வை போட்டுக்கொண்டார்கள். கொடியில் முதல் நிறம் அது, அதிகாரிகளும் முதல். ஆய்வகம், கணக்கு, மற்ற ஊழியர்கள் வெள்ளை. பச்சைச் சால்வை மிச்சம் இருந்தது. பேக்கிங் பெண்களுக்குச் சாம்பல் கோட்டின் மேல் அதைப் போர்த்தி, சுற்றுச்சுவர் ஓரமாகக் கடைசியில் நிறுத்தினார்கள். அதிகாரிகள் வழக்கம்போல முன்வரிசையில், மாடிக்கு நேர் கீழே. எந்தக் கூட்டத்திலும் அவர்கள் நிற்பது அங்கேதான். யாருக்கும் வேறு மாதிரி தோன்றக்கூட இல்லை.

படம் எடுத்தவர் கீழே வந்து கைப்பேசியை நீட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நல்லாருக்கு, நல்லாருக்கு என்றார்கள். நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாய்.

"அய்யய்யோ. கொடி தலைகீழா கீது!"

மாடியிலிருந்து பார்த்தால் முன்வரிசைதானே படத்தின் அடிப்பக்கம். காவி கீழே, பச்சை மேலே. அப்போதிருந்த மனிதவள அதிகாரி, நல்ல மனிதர், வியர்த்துப்போய்க் கைப்பேசியைச் சட்டென்று திருப்பிப் பிடித்தார். "இப்ப சரியாயிடுச்சு பாருங்க சார்."

"கொடி சரியாயிடுச்சு சார்" என்றாய் நீ. "நாமதான் தலைகீழா தொங்கறோம். வவ்வாலு மாதிரி."

மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படம் எடுப்பவரை எதிர்ப்பக்கம் அனுப்பலாம் என்றார் ஒருவர். அந்தப் பக்கம் சுவரும், சுவருக்கு அப்பால் முள்காடும்தான். ஏறி நிற்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் நீ இரண்டு கையையும் தட்டினாய். டிஸ்பாட்ச் குரல், லாரிக்காரர்களைப் பின்னால் வரச் சொல்கிற குரல். "பச்ச முன்னாடி வா! காவி பின்னாடி போ! சார், நீங்களும்தான் சார். வெள்ள அப்படியே நில்லு. வெள்ளைக்கு எப்பவும் கஷ்டமே இல்ல."

பேக்கிங் பெண்கள் நகரவில்லை. கஸ்தூரி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "நாங்களாக்கா?" என்று அவள் கேட்டது வெள்ளை வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. "நீங்க இல்லாம, எங்க ஆயாவா? வாங்கடி!" மேலாளரும் துறைத் தலைவர்களும் சுவரோரம் போக, அந்தப் பெண்கள் அவர்களுக்குக் குறுக்கே தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தார்கள். ஒருத்தி மேலாளரைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றப் போனாள். கோவிலுக்குள் நுழைவது போல. நீ அவள் முதுகில் ஒன்று வைத்தாய்.

நான் அதை நல்ல வேடிக்கையாக வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வருடத்திலிருந்து உடை ஏற்பாடு முழுவதும் உன் கைக்கு வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, நீயே எடுத்துக்கொண்டாய். சால்வை அசிங்கம், புடவைதான் என்றாய். கோட்டு ஒரு மணி நேரம் கழற்றி வைக்கப்பட்டது. பேக்கிங் பிரிவுக்குப் பச்சை என்று வருடா வருடம் நீதான் அறிவித்தாய். அலுவலகப் பெண்கள் காவிக்குச் சண்டை போட்டார்கள், ஆண்கள் இருக்கிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் போக மிஞ்சியது அந்தப் பெண்களுக்கு என்று எனக்குள் ஒரு கசப்பு இருந்தது. நீயும்தானே அப்படிச் செய்கிறாய் என்று.

நீயோ ஆலையிலேயே அழகாக உடுத்திக்கொண்டு, கடைசி வரிசையில் காவியோடு போய் நிற்பாய். கேட்டிருக்கிறேன். "விடிய எழுந்து இத்தனையும் செஞ்சுட்டுப் பின்னாடி போய் நிக்கிறியே?"

"பின்னாடி நின்னாலும் நான் தெரிவேன்டி. அதுக்குத்தான் கனகாம்பரம்."

வெள்ளைக்கு நடுவில் சக்கரம் வேண்டும். காவலாளி ஏழுமலை தன் கருநீலக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். உனக்கு அது பிடிக்காது. ஒரு பொங்கலுக்கு எனக்கு ஒரு புடவை எடுத்து வந்தாய். கருநீலம், கரையே இல்லாமல். "குடைய அனுப்பிட்டு நீ நில்லு. எதுலயும் சேராதவளுக்கு ஏத்த எடம், நட்டநடுவு." வாங்கி பீரோவில் வைத்தேன். அடுத்த கொடியேற்றத்துக்கும் அதற்கடுத்ததற்கும் சாம்பல் வெள்ளையிலேயே வந்தேன். என்னை விட்டுவிட்டு, ஏழுமலையின் குடையைத்தான் திட்டினாய்.

பங்குனியில் வயிற்று வலி என்று விடுப்பு எடுத்தாய். ஆனியில் உன்னைப் பார்க்க வந்தபோது, நைட்டியில், பொட்டில்லாமல், ஜன்னல் பக்கம் படுத்திருந்தாய். உன் நைட்டி நிறத்துக்கு எதுவும் பொருந்தவில்லை என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார். நான் மருந்தைப் பற்றிக் கேட்டேன், மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நீ என் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

"ஆகஸ்டுக்கு பேக்கிங் பச்ச. பாத்துக்க."

"நீயே வந்து பாத்துக்கோ."

"பச்சடி. மாத்திடப் போறாங்க."

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். ஆடி பிறக்கவில்லை, நீ போய்விட்டாய். உன் மேசையை ஒழித்தபோது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்தது ஊக்குக் கொத்து. பெரிதும் சிறிதுமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்து, எப்போதும் உன் வளையலில் தொங்கிக்கொண்டிருக்குமே, அது. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. நான் புடவை கட்டுவதே அபூர்வம்.

கஸ்தூரி வந்துபோன மறுநாள், செவ்வாய்க்கிழமை, பேருந்தில் கவரைப்பேட்டையில் உன் இருக்கைக்கு யாரும் வரவில்லை. பெண்கள் எல்லாரும் என்ன உடுத்தப்போகிறோம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். காவி, காவி, ஒரு வெள்ளை, காவியும் வெள்ளையும் கலந்த ஏதோ. நான் காது கொடுப்பதில்லை, அன்று கொடுத்தேன். பச்சை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. பச்சை பேக்கிங் கலராச்சே என்றாள் கணக்குப் பிரிவுப் பெண். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நேராக ஆய்வகத்துக்குப் போய், சில்லு அடுக்கிலிருந்து ஒரு காவியையும் ஒரு வெள்ளையையும் எடுத்துக்கொண்டு பிரவீனின் அறைக்குப் போனேன். அவன் இந்த வருடம்தான் மனிதவள அதிகாரியாக வந்தவன்; கெட்டவன் இல்லை. எழுந்து நின்றான்.

"சொல்லுங்க மேடம். நீங்களே வந்துட்டீங்க?"

காவியை அவன் மேசையில் வைத்தேன். அதற்குக் கீழே வெள்ளையை வைத்தேன். அதற்கும் கீழே வெறும் மேசை.

"இதுதான் வியாழக்கிழமை உங்களுக்கு வரப்போற ஃபோட்டோ" என்றேன்.

பார்த்தான். புரிய நேரமானது. "கிரீன்ல யாரும் இல்லியா?"

"கேட்டுப் பாருங்க."

"ஷால் வாங்கிடலாம் மேடம். ஸ்டாஃப்லயே கொஞ்சம் பேருக்குக் குடுத்து..."

"குடுங்க. காவிப் புடவை எடுத்து வச்சிருக்கிற யார்கிட்ட பச்சை ஷாலைப் போத்திக்கச் சொல்வீங்க?"

பேக்கிங் பிரிவு முழுவதும் பச்சைப் புடவையோடு தயாராக இருக்கிறது என்றேன். பாதுகாப்பு விதி, தொங்குகிற துணியோடு உள்ளே விடமுடியாது என்றான். கொடிக்கம்பம் வாசலில் இருக்கிறது, அங்கே எந்த இயந்திரமும் ஓடவில்லை என்றேன். ஆய்வகத்தில் மாற்றிக்கொள்ளட்டும், முடிந்ததும் அங்கேயே கோட்டைப் போட்டுக்கொள்ளட்டும், நான் பொறுப்பு. இந்த வாக்கியத்தை நானா சொன்னேன்?

"ஓகே மேடம்" என்றான். "கிரீன லாஸ்ட்ல, காம்பவுண்ட் வால் பக்கம் நிறுத்திடலாம். டிப்பார்ட்மென்ட் ஹெட்ஸ் ஃப்ரண்ட்ல."

அந்த இடத்தில்தான், சில்லுகளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, எனக்கு உறைத்தது. கொடியில் கடைசி நிறம் பச்சை. மாடியிலிருந்து பார்க்கும் படத்தில் கடைசி நிறம் முன்வரிசையில்தான் நிற்க முடியும். வேறு வழியே கிடையாது. கொடி சரியாக இருக்க வேண்டுமென்றால், பச்சை உடுத்தியவர்களுக்குப் பின்னால்தான் மேலாளரும் நிற்க வேண்டும். முதல் வருடம் அது தற்செயல். அதற்குப் பின் ஒவ்வொரு வருடமும் நீ அந்தப் பெண்களுக்குப் பச்சையைக் கொடுத்தது, மிஞ்சியதைக் கொடுத்தது இல்லை. யாரிடமும் முன்வரிசையைக் கேட்கவில்லை நீ. கேட்டிருந்தால் கூட்டம் போட்டிருப்பார்கள். நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டாய். படுக்கையில் கிடந்து நீ சொன்னது மயக்கத்தில் இல்லை.

கோபமாக வந்தது உன் மேல். பேருந்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து ஏதாவது குறை சொல்லியிருப்பேன், அதனால்தானோ என்னவோ.

"பிரவீன், அப்படி நிறுத்தினா கொடி தலைகீழா வரும்" என்றேன். "மேலாளரைக் கேளுங்க. அவருக்கு ஞாபகம் இருக்கும்."

அவருக்கு இருந்தது. அவர் அறையில், உன் பெயரைச் சொல்லாமலே சிரித்தார். "என்னைச் செவுத்துக்குத் தள்ளின அம்மா. வவ்வாலுன்னாங்க." பிறகு சிரிப்பை நிறுத்தி, பிரவீன் பக்கம் திரும்பினார். "பின்னாடி நிக்கறதுல ஒரு நல்லது பிரவீன், செவுத்து நெழல் இருக்கும். வெயில் மூஞ்சில அடிக்காது. அந்தம்மா செஞ்சுக்கினு இருந்த மாதிரியே செய்யுங்க."

இன்று காலை ஆய்வகத்துக்குள் பேக்கிங் பிரிவு முழுவதும் இருந்தது. தூசி கூடாது என்று யாரையும் உள்ளே விடாத அறை. மேசைகளின் மேல் கோட்டுகள், இயந்திரங்களின் மேல் பூச்சரங்கள், ஒளிப்பெட்டியைத் திறந்துவைத்து அதன் வெளிச்சத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை என்றால் எத்தனை பச்சை. ராமர் பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாங்காய்ப் பச்சை. என் வேலைப்படி பாதியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நேற்று அவர்கள் பொட்டலம் கட்டியதும் பச்சை மணிகள் என்பதால் சிலருடைய நக இடுக்கில் இன்னும் அது இருந்தது. ஒருத்தி அதைச் சுரண்டிக்கொண்டிருக்க, கஸ்தூரி தடுத்தாள். "உடுடி, மேட்சிங்கா கீது."

நான் கருநீலத்தைக் கட்டியிருந்தேன். வீட்டில் கட்டும்போது நன்றாகத்தான் இருந்தது. பேருந்தில் பெரியபாளையத்துக்குள் கொசுவம் பிரிந்துவிட்டது. கையால் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தேன். கஸ்தூரி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இத்த யாரு கட்டி உட்டது?"

"நானேதான்."

"அதான் பாத்தேன். ஊக்கு கீதா?"

அடையாள அட்டையின் கயிற்றில் கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் ஏனோ மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு ஊக்கை வாயில் கடித்துக்கொண்டு என் முன்னால் மண்டியிட்டாள். "நேரா நில்லுங்க. மூச்சு உடாதீங்க." அவள் கடித்திருந்த மாதிரியே நீயும் கடிப்பாய். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் ஏழுமலை குடையோடு தயாராக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. "இன்னா மேடம், என் பொழப்புல மண்ண போட்டீங்களே." சமாதானமாக, சக்கரத்துக்கு நிழல் வேண்டும் என்று என் பின்னாலேயே நிற்கச் சொன்னேன். குடையை விரிக்கவில்லை, ஆனால் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

கொடி ஏறியது. பாடினோம். மேலாளர் பின்னால் சுவர் நிழலில், முன்னால் எல்லாப் பச்சைகளும். என் இடத்திலிருந்து அவர்களின் முதுகுதான் தெரிந்தது: ஈரக்கூந்தல், பூச்சரம், இழுத்துக் குத்திய முந்தானைகள். யாரும் தலையைக் குனியவில்லை. கடைசிக் காவி வரிசையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே கனகாம்பர நிறம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மிக நேர்த்தியாக உடுத்தியவருக்கான பரிசு கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குப் போனது. மிட்டாய் கொடுத்தார்கள். மணி அடித்ததும் எல்லாரும் ஆய்வகத்துக்கு வந்து புடவையை மடித்து உறையில் வைத்து, சாம்பல் கோட்டுக்குள் போய்விட்டார்கள். விடுமுறை நாளிலும் அவர்களுக்கு ஷிஃப்ட் உண்டு. கோட்டு போட்டபின் யார் யாரென்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. கேன்டீனில் இரண்டு கதவும் அப்படியேதான் இருக்கின்றன. என் விளக்கை நான் அணைத்துவிடவில்லை, நீ கேட்டால் இதையும் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இருப்பு கொள்ளவில்லை. படத்தைப் பிரவீன் அனுப்பியிருக்கிறான். பெரிதாக்கிப் பார்க்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். முன்வரிசையில் கஸ்தூரியின் மூக்குத்திகூடத் தெரிகிறது. நடுவில் நான் ஒரு கருநீலப் புள்ளி. கொடி நேராக இருக்கிறது. நன்றாக நடந்த ஒன்றைப் பற்றி இத்தனை தவிப்பு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வருடம் பிரவீன் இருப்பானா, மேலாளர் இருப்பாரா, யாராவது படத்தைத் தரையில் நின்று எடுக்கலாம் என்றால் என்ன செய்வது? இதையெல்லாம் நீ உன் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சிரித்துக்கொண்டு பேருந்தில் ஏறினாயா?

காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்திலிருந்து கடைசியாகக் கிளம்பியவள் கஸ்தூரி. ஊக்குக் கொத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்க நின்றாள். ஒன்று குறைந்திருந்தது, அது என் கொசுவத்தில் இருந்தது.

"மேடம், ஜனவரி இருவத்தாறுக்கு எங்களுக்கு இன்னா கலரு?"

யோசிக்க நேரம் எடுத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு. இந்தமுறை எடுத்துக்கொள்ளவில்லை.

"பச்சைதாண்டி" என்றேன். "எப்பவும் பச்சைதான். மாத்த உடாதீங்க."

அவள் போனபின் கொத்தைக் கயிற்றில் மாட்டிக்கொண்டேன். நடக்கும்போது அட்டையில் பட்டு மெல்லச் சத்தம் போடுகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது, கவரைப்பேட்டையில் பேருந்து நின்று கிளம்பும்வரை கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் வெள்ளக்காரி